பம்பு கழுவிய இடம்

நாங்கள் ஈப்போவுக்குக் குடிவந்த பிறகு, என் மகள் இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, சுற்றுச்சூழலைக் காப்பது பற்றிக் கட்டுரை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். அவள் ஒரு தாளில் உருண்டையாகப் பூமியை வரைந்து, கண் வைத்து, கண்ணீரும் வைத்திருந்தாள். "நல்லா இருக்காம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூமி எதற்கு அழ வேண்டும், அழ வேண்டியவள் நானல்லவா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். அன்று அவளுக்குச் சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் பால் வெட்டினார். நான் மருந்தடிக்கிற கூட்டத்தில் இருந்தேன். பதினோரு பெண்கள். முதுகில் மருந்துப் பம்பைச் சுமந்துகொண்டு, ரப்பர் நிரைகளுக்கு நடுவே முளைக்கிற லாலான் புல்லையும் களையையும் சாகடிப்பதுதான் வேலை. இன்றைக்கு அடித்தால் நாலைந்து நாளில் ஓரம் கருகி, பிறகு வைக்கோல் நிறத்துக்கு வரும். சும்மா வெயிலில் காய்ந்த புல்லுக்கும் மருந்தில் செத்த புல்லுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவோம். அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இன்னொரு பெருமையும் இருந்தது. நாங்கள் சுத்தக்காரிகள். வேலை முடிந்ததும் பம்பைக் கழுவாமல் ஸ்டோரில் வைக்கமாட்டோம். தோட்டத்து ஓரமாக மலைக்காட்டிலிருந்து ஓர் ஆறு இறங்கி வரும். ஆறு என்று நாங்கள் சொல்வதுதான், அகலம் ஒரு லாரி அளவுக்கு இருக்கும். அங்கே ஒரு தட்டைப் பாறை. அதில் உட்கார்ந்து பம்பைத் தேய்த்து, குழாயை ஊதி, கை கால் முகம் கழுவி, மேல்சட்டையையும் அலசிக்கொண்டுதான் பிள்ளைகளிடம் போவோம். மருந்து வாடையோடு பிள்ளையைத் தூக்கக் கூடாது என்பதில் அவ்வளவு கறார். கழுவின தண்ணீர் எங்கே போகிறது என்று பதினோரு பேரில் ஒருத்திகூட யோசித்ததில்லை. ஆறு ஓடுகிறது, அதுவும் ஓடிவிடும், அவ்வளவுதான்.

ஆற்றைக் கெடுப்பது யார் என்று கேட்டால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: ரப்பர் ஆலை. பாலைக் கட்டியாக்கிக் கழித்த தண்ணீரை அப்படியே விடுவார்கள். அதற்குக் கீழே ஆறு வெள்ளையாக நுரைத்து, புளித்த நாற்றம் அடிக்கும். ஆனால் ஆலை எங்களுக்குக் கீழே இருந்தது. நாங்கள் பம்பு கழுவும் பாறை மேலே. பாறைக்குக் கொஞ்சம் கீழே, ஆலைக்கு மேலே, லயத்துப் பிள்ளைகள் குளிக்கிற துறை. அந்தத் துறையில்தான் வருஷா வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் சோடிப்பார்கள். எங்கள் பகுதித் தண்ணீர் சுத்தம் என்று நாங்களே எங்களுக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அந்த வருஷம் மகளுக்கு நாலு வயது. கடுமையான காய்ச்சலில் கிடந்து பிழைத்திருந்தாள். அவளுக்காக என் வீட்டுக்காரர் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார். மீன் இல்லாமல் சோறு இறங்காத மனுஷன், காப்புக் கட்டிய நாளிலிருந்து மீன் வாடையே இல்லாமல் விரதம் இருந்தார். எனக்கே ஆச்சரியம்.

திருவிழாவுக்கு முதல் நாள் மதியம் மண்டோர் வந்தார். எங்கள் வேலையை மேற்பார்க்கிறவர் அவர்தான், கோயில் தலைவரும் அவர்தான். "மூணு நாளைக்கு ஸ்டோரு பூட்டிடுவோம்லா. கலக்குன மருந்து எதுவும் மிச்சம் வைக்கக் கூடாது. எல்லாத்தயும் ஊத்திட்டுப் பளிச்சுன்னு கழுவி வையிங்க" என்றார். பம்புகளில் இருந்தது போக, மருந்து கலக்கும் பெரிய பீப்பாயான தோம்பில் பாதிக்கு மேல் மருந்து இருந்தது. நாங்கள் தோம்பையே உருட்டிக்கொண்டு பாறைக்குப் போனோம். திருவிழா குஷியில் பாடிக்கொண்டே கவிழ்த்தோம். அன்றைக்குப் பம்புகள் புதிதாக வாங்கியவைபோல மின்னின.

மறுநாள் விடிந்ததும் மேளத்தோடு துறைக்குப் போனோம். முன்னால் போனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். மேளம் நின்றது. துறை முழுக்க மீன் செத்து மிதந்தது. கெண்டைக் குஞ்சு, கெளுத்தி, கையளவு விரால், எல்லாம் வயிறு மேலே தெரிய ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தன. ஒரு நண்டுகூடக் கரையேறி வந்து செத்திருந்தது. நாங்கள் கும்பிட வந்த தண்ணீர் அது.

ஆலை கீழே இருக்கிறது, அது காரணமாக இருக்க முடியாது. அப்படியென்றால் யாரோ தூபா வேரை நசுக்கிப் போட்டிருக்கிறார்கள் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். தூபா வேரின் பால் தண்ணீரில் கலந்தால் மீன் மயங்கி மிதக்கும், அள்ளிக்கொள்ளலாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் அதைச் செய்து பிடிபட்டு, மண்டோரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அன்றைக்கு எங்கள் வாசலில் கிண்ணம் நீட்டிக் குழம்பு வாங்கிப்போனவர்கள்தான் இப்போது அவர் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. மண்டோரும் யோசித்துக்கொண்டுதான் நின்றார்.

நான் திறந்தேன். எல்லோருக்கும் முன்னால், "ஏங்க இப்படிப் பண்ணுனீங்க? காப்பக் கட்டிக்கிட்டு இப்படிப் பண்ணலாமா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். கட்டின பெண்டாட்டியே கேட்ட பிறகு மண்டோருக்கு யோசிக்க என்ன இருக்கிறது? என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து மஞ்சள் காப்பை அறுத்தார். கரகத்தைக் குழாய்த் தண்ணீரில் சோடித்தார்கள். என் வீட்டுக்காரரின் காவடி சுவரில் சாய்ந்தபடியே இருந்தது. மகள் அதன் மயில் இறகை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது சோறு, தண்ணீர், சட்டை என்ற அளவில்தான். வேலைக்குப் போனால் மற்ற வெட்டுக்காரர்கள், "என்ன மச்சான், இன்னைக்கு எந்த ஆறு?" என்று கேலி செய்வார்கள். சாப்பாட்டுக் கடையில் அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போவார். நானும் விடவில்லை. சாமி குத்தம் வந்தால் மகளுக்கல்லவா ஆகும் என்று தினமும் முணுமுணுத்தேன். என் வாய் அப்படி, ஆரம்பித்தால் நிற்காது. ஒரு நாள் அவர், கமுந்திங்கில் பேக்டரி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், மாசக் கடைசியில் போகிறேன் என்றார். "நாங்க?" என்றேன். "நீங்க இங்கயே இருங்க. நான் மட்டும் போறேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

திருவிழா முடிந்து எங்கள் கூட்டத்துக்கு மலைக்கு அந்தப் பக்கம் வேலை கொடுத்திருந்தார்கள். பழைய பாறைக்கு நாங்கள் திரும்பி வர கிட்டத்தட்ட ஒரு மாசம் ஆகிவிட்டது. பம்பை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்தவள் அப்படியே நின்றேன். பாறைக்கு மேலே கரை பச்சைப் பசேலென்று இருந்தது. சேம்பு மாதிரியான கெலாடி இலைகள் தாம்பாளம் தாம்பாளமாக விரிந்திருந்தன. பாறைக்குக் கீழே தண்ணீர் தொட்டு ஓடுகிற உயரம்வரை, ஓரமெல்லாம் கருகி, உள்ளே வைக்கோல் நிறத்தில் வதங்கிக் கிடந்தது. அந்தக் கோடு வளைவு தாண்டித் துறைவரைக்கும் போனது. நான் கூடவே நடந்து பார்த்தேன்.

தூபா வேர் மீனைத்தான் கொல்லும். கெலாடியைக் கருக்காது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் கூட்டத்தில் மூத்த அக்கா ஒருத்தி உண்டு. வயது ஐம்பதை ஒட்டி இருக்கும், பேச்சில் என்னையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"வெயில்ல காஞ்சிருக்கும்லா" என்றாள்.

"அக்கா, என்னப் பாத்துச் சொல்லுங்க. வெயிலா இது?"

அவள் ஒரு கெலாடித் தண்டைப் பிடுங்கி, இலையைத் திருப்பிப் பார்த்தாள். விரலால் தேய்த்தாள். மற்றவர்களும் வந்து நின்றார்கள். ஒவ்வொருத்தியாக மேல் கரையைப் பார்த்தாள், கீழ்க் கரையைப் பார்த்தாள். யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த நிறத்தைத் தினமும் பார்க்கிறவர்கள்.

"நம்ம கைவேலைதான்" என்றாள் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, "இத வெளிய சொன்னா பதினோரு பேரு வேலையும் போயிடும். உனக்கு ஒரு புள்ள, எனக்கு ஆறு. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவள் வீட்டில் அவள் ஒருத்தி சம்பளம்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தோம்பைக் கவிழ்த்தது, கெலாடி கருகியது, அக்கா சொன்னது, எதையும் விடவில்லை. அவர் தீட்டுவதை நிறுத்தவே இல்லை. நான் சொல்லி முடித்ததும், "சரி, விடு" என்றார்.

"என்ன விடுறது? நாளைக்கே போய்ச் சொல்லப் போறேன்."

"எதுக்கு? என் பேரு போனது போச்சு. நான்தான் கெளம்பிப் போறேனே. உங்க பதினோரு பேரு பொழப்பயும் கெடுக்கணுமா?"

எனக்கு அழுகை வந்தது. மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. எதற்கெல்லாமோ வரும் வாய் அதற்கு வராது. அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஊரு பேசுனது பரவாயில்ல புள்ள. நீ, பண்ணுனீங்களான்னு கேக்கல. ஏன் பண்ணுனீங்கன்னுதான் கேட்ட" என்றார். சொல்லிவிட்டு எழுந்து குளிக்கப் போனார்.

மறுநாள் காலையில் பெரட்டு. வேலைக்குப் போவதற்கு முன்னால் எல்லோரும் ஆபீசு முன்னால் வரிசையில் நிற்க, கணக்கெழுதும் கிராணி பெயர் வாசிப்பார். என் பெயர் வந்ததும் "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, வரிசையை விட்டு முன்னால் போனேன். அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். முந்தானை அவள் கையில் சிக்கி, நான் கொஞ்சம் தடுமாறியதுகூட ஞாபகம் இருக்கிறது.

"மண்டோரண்ணே, ஆத்துல மீன் செத்தது எங்க வீட்டுக்காரரால இல்ல. பம்பு மருந்தால. நான்தான் ஊத்துனேன்" என்றேன். பதினோரு பேர் என்று சொல்லவில்லை.

மண்டோர் முகம் கறுத்தது. "யாரு ஊத்தச் சொன்னா?"

"நீங்கதாண்ணே."

வரிசையில் யாரோ சிரித்து, உடனே இருமலாக்கிக்கொண்டார். மண்டோர், "ஊத்தச் சொன்னேன். ஆத்துலயா ஊத்தச் சொன்னேன்?" என்று சீறினார்.

"வேற எங்கண்ணே ஊத்துறது? கழுவ வேற எடம் குடுத்திருக்கீங்களா?"

இதை நான் கேட்கவில்லை. பின்னாலிருந்து அக்காவின் குரல். திரும்பிப் பார்த்தால் அவளும் வரிசையை விட்டு வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் மற்ற ஒன்பது பேரும் ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டு வந்தார்கள். பதினோரு பேரையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டால் தோட்டத்தில் மருந்தடிக்க ஆள் இல்லை என்று அக்கா ராத்திரியோடு ராத்திரியாகக் கணக்குப் போட்டிருக்கிறாள். எனக்குச் சொல்லத்தான் இல்லை, கள்ளி.

கிராணி பேனாவை மூடினார். மண்டோர், "எங்க கழுவணும்னு நீங்களே எடம் பாத்துச் சொல்லுங்க" என்றார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, என் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "வேலைக்குப் போப்பா" என்றார். ஒரு மாசமாக அவர் பெயரை மண்டோர் வாயால் சொல்லியதே இல்லை.

ஆற்றிலிருந்து தள்ளி, மேட்டில், மழைத்தண்ணீர் ஓடாத ஒரு சமதளம் பார்த்தோம். ஆள் உயரத்துக்குக் குழி. சுற்றிலும் மண்ணைக் கூட்டி அணை. குழி வெட்ட மண்டோர் இரண்டு பேரை அனுப்பினார். மூன்றாவது ஆளாக, யாரும் கூப்பிடாமலே, மண்வெட்டியோடு என் வீட்டுக்காரர் வந்து நின்றார். அக்கா, "வாங்க தம்பி, மீனு பிடிக்க வந்தீங்களா?" என்றாள். அந்தக் கேலிக்கு அவர் சிரித்தார். ஒரு மாசத்துக்குப் பிறகு அவர் பல்லைப் பார்த்தேன்.

குழி வெட்டுவது ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகுதான் கஷ்டம். பாறையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டு கழுவின சுகம் போனது. ஆற்றிலிருந்து டின்னில் தண்ணீர் மொண்டு மேட்டுக்குச் சுமக்க வேண்டும். ஏற்கெனவே முதுகு விட்டுப்போயிருக்கும். முதல் வாரம் எல்லோரும் என்னைத்தான் திட்டினார்கள். நான் திருப்பித் திட்டினேன். பிறகு சுமப்பதைக் குறைக்க நாங்களே வழி கண்டுபிடித்தோம். எந்த நிரைக்கு எத்தனை பம்பு பிடிக்கும் என்று முதலிலேயே பார்த்து, அந்த அளவுக்கு மட்டும் கலக்கினோம். கடைசியில் அலசின தண்ணீரைக் கொட்டாமல் மறுபடி பம்பில் ஊற்றிக் களையின்மேலேயே அடித்தோம். மிச்சமே இல்லாமல் செய்தால் கழுவவும் கொஞ்சம்தான். கருகிப்போன கரையில் கெலாடிக் கிழங்கை நாங்களே ஊன்றினோம். அது கேட்காமலேயே வளர்கிற செடி.

கமுந்திங் பேச்சை அவர் எடுக்கவில்லை. மாசக் கடைசி வந்தது, போனது. நானும் கேட்கவில்லை. கேட்டு அவர் யோசித்துவிட்டால் என்ன செய்வது?

சில மாசங்கள் கழித்து யூனியன் கூட்டத்தில் ஆலைத் தண்ணீர் பற்றிப் பேச்சு வந்தது. வருஷக்கணக்காக நாங்கள் ஆலையைத் திட்டிக்கொண்டுதான் இருந்தோம், ஆனால் எழுந்து கேட்டதில்லை. அன்று அக்கா எழுந்தாள். "நாங்க பதினோரு பொம்பளைங்க தண்ணியத் தூக்கிக்கிட்டு மேட்டுக்குப் போறோம். இவ்ளோ பெரிய ஆலைக்கு ஒரு கொளம் வெட்ட முடியாதா?" என்றாள். உடனே ஒன்றும் நடக்கவில்லை. மனுப் போட்டோம், அலைந்தோம், மறுபடி போட்டோம். எண்பதுகள் பிறக்கிற நேரத்தில், அரசாங்கத்து நெருக்கடியும் சேர, ஆலைக்குப் பின்னால் வரிசையாகக் குளம் வெட்டினார்கள். தண்ணீர் ஒவ்வொன்றிலும் தங்கித் தெளிந்துதான் ஆற்றுக்கு வந்தது. நாற்றம் முழுக்கப் போகவில்லை. ஆனால் கீழே பாலத்தில் நிற்கிறவர்கள் மூக்கைப் பிடிப்பதை விட்டார்கள். நாங்கள் எங்கள் கையை முதலில் சுத்தம் பண்ணியிருக்காவிட்டால் அக்காவுக்கு அன்று அந்த வாய் வந்திருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மீன் திரும்பி வர நாளாயிற்று. முதலில் தண்ணீர்ப்பூச்சிகள் வந்தன. பிறகு ஓரத்தில் ஊசி மாதிரி குஞ்சுகள். என் வீட்டுக்காரர் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். தூண்டிலைக் கையால் தொடவில்லை. "பெருகட்டும்" என்பார். பாசாரில் மீன் வாங்கிவந்து கொடுத்தால் சாப்பிட்டுக்கொண்டு, ருசி இல்லை என்று குறை மட்டும் சொல்வார்.

அடுத்த வருஷம் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாளில் மண்டோர் ஆள் அனுப்பி அவரைக் கூப்பிட்டார். மகளுக்கான வேண்டுதல் அப்படியே நிற்கிறதே, முடித்துவிடட்டும் என்றார். எல்லோர் முன்னாலும் மஞ்சள் கயிற்றைக் கட்டினார். போன வருஷம் அறுத்ததும் அதே கைதான்.

கரகத்தன்று துறையில் தண்ணீர் தெளிவாக ஓடியது. மேளக்காரர்கள் தோலைச் சூடுகாட்டிக்கொண்டிருந்தார்கள். காவடிக்கு முன்னால் குளிப்பதற்காக அவர் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார். குஞ்சு மீன்கள் அவர் காலை மொய்த்தன. நான் கரையில் துண்டு வைத்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு வருஷமும் கேட்காமல் விட்டதை அப்போதுதான் கேட்டேன்.

"போன வருஷம் நீங்க ஆத்துல தூபா போட்டீங்களா?"

அவர் திரும்பி, இவளுக்குப் பைத்தியமா என்பதுபோல் பார்த்தார். பிறகு புரிந்தது. முகம் அப்படியே இளகியது.

"இல்ல புள்ள. போடல" என்றார்.

"சரிங்க" என்றேன்.